குப்பையில் இருக்கும் உப்பும் கொதிகலன் குழாயும்



நீளமான பதிவு இது. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள்.

பத்து நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே விவாதம். சென்னை கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டுமா வேண்டாமா என்று. என் தம்பி மகன் கோபன்ஹேகன் ஆலையின் படத்தைப் போட்டான். கூரை மேல் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள், கீழே குப்பை எரிகிறது. "பாருங்க அத்தை, அவங்க எங்க இருக்காங்க, நாம எங்க இருக்கோம்" என்றான். உடனே வடசென்னையில் குடியிருக்கும் அண்ணன் மகள், "அந்தப் புகையைச் சுவாசிக்கப் போறது என் பிள்ளைங்க, நீ இல்லை" என்றாள். அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

இரண்டு பேருமே புகைக்கூண்டைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஆலைக்கு உள்ளே இருக்கும் ஒரு குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்தக் குழாய் எத்தனை நாள் தாங்குகிறது என்பதை வைத்துத்தான் ஆலை ஒழுங்காக ஓடுமா, மின்சாரம் வருமா, புகை கட்டுப்படுமா என்பதெல்லாம் முடிவாகிறது.

நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவள். ஆனால் திருவெறும்பூர்ப் பக்கம் வேலை பார்த்தவளுக்குப் பாய்லர் புது வார்த்தை இல்லை. என் வகுப்பில் உட்கார்ந்த பையன்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் பெல் ஆலைக்குப் போனவர்கள். அந்தப் பையன்களில் பலர் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அவர்களில் ஒருவன் சிங்கப்பூரில் குப்பை எரிக்கும் ஆலைகளில் ஷட்டவுன் வேலை பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் சொன்னதில் எனக்கு ஆர்வம் வந்துதான் இதை எல்லாம் தேடிப் படித்தேன்.

முதலில் ஆலை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஏழாம் வகுப்புப் பாடம் மாதிரியே சொல்கிறேன்.

குப்பையை எரிக்கிறோம். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகிறது. நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. ஆனால் தண்ணீர் கொதித்து வரும் சாதாரண நீராவியை அப்படியே டர்பைனுக்கு விட மாட்டார்கள். அதில் ஈரம் இருக்கும், வேகமும் போதாது. அதனால் அந்த நீராவியை இன்னொரு முறை குழாய்களுக்குள் செலுத்தி, வெளியே போகும் சூடான புகையில் வைத்து மேலும் சூடேற்றுவார்கள். அந்தக் குழாய்க் கூட்டத்துக்குத்தான் சூப்பர்ஹீட்டர் என்று பெயர். உள்ளே நாற்பது, ஐம்பது மடங்கு காற்றழுத்தத்தில் நீராவி. வெளியே சாம்பல் கலந்த நெருப்புப் புகை. நடுவில் சில மில்லிமீட்டர் இரும்பு. அவ்வளவுதான்.

நீராவி எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிக மின்சாரம் கிடைக்கும். வழக்கமான நிலக்கரி அனல்மின் நிலையத்தில் நீராவியைச் சுமார் 540 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். புதிய நிலையங்களில் 600 டிகிரியை நெருங்குகிறார்கள். குப்பை எரிக்கும் ஆலைகளில் உலகம் முழுக்கவே பெரும்பாலும் 400 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உலைக்குள் 850 டிகிரிக்கு மேல் சூடு இருக்கிறது. ஆனாலும் நீராவியை 400க்கு மேல் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். ஏன்?

காரணம் உப்பு. நம் சமையலறை உப்பு.

குப்பையில் என்ன போடுகிறோம்? மீந்துபோன சாம்பார், ஊறுகாய், அப்பளம், கருவாட்டு முள், குழந்தையின் டயப்பர். எல்லாவற்றிலும் உப்பு. உப்பு என்றால் சோடியமும் குளோரினும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பி.வி.சி. பிளாஸ்டிக். பைப் துண்டு, ஒயரின் மேலுறை, ரெக்சின், தரை விரிப்பு, கட்சிக்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் கட்டுகிற பிளக்ஸ் பேனர். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின்தான். ஒரு கிலோ பேனர் துணியில் பி.வி.சி. எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் குளோரினை நாம் குப்பைத்தொட்டியில் போடுகிறோம் என்று அர்த்தம்.

எரியும்போது இந்தக் குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகவும், சோடியம், பொட்டாசியம் குளோரைடு ஆவியாகவும் மேலே போகிறது. குப்பையில் பழைய பேட்டரி, பெயின்ட், ரப்பர், எலக்ட்ரானிக் சாமான்கள் இருந்தால் துத்தநாகமும் ஈயமும் சேர்ந்து கொள்கின்றன. இந்த ஆவி கொஞ்சம் குளிர்ச்சியான இடத்தைத் தேடுகிறது. சூப்பர்ஹீட்டர் குழாய்தான் அந்த இடம். அங்கே போய் சாம்பலோடு சேர்ந்து கெட்டியாகப் படிகிறது.

இங்கே ஒரு கேள்வி. சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டுமே, 400 டிகிரிக் குழாயில் அது சும்மா தூசி மாதிரிதானே கிடக்கும்? சரியான கேள்வி. குல்பி ஐஸ் வண்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் ஐஸ் கட்டியோடு கல்லுப்பைப் போடுவார். உப்பு கலந்ததும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே உருக ஆரம்பிக்கும். இரண்டு பொருள் கலந்தால், தனித்தனியாக உருகும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அதே கதைதான் இங்கேயும். பொட்டாசியம் குளோரைடு தனியாக உருக 770 டிகிரி வேண்டும். துத்தநாகக் குளோரைடு கலந்தால் 250 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகும் கலவை கிடைத்துவிடும். ஆக, குழாயின் மேல் இருப்பது காய்ந்த தூசி இல்லை, உருகிய உப்புப் பசை. அது இரும்பின் மேலிருக்கும் காப்புப் படலத்தைக் கரைக்கிறது.

உருகாத உப்பும் சும்மா இருப்பதில்லை. இரும்பின் மேல் சூட்டில் உருவாகும் ஆக்சைடு படலம்தான் அதற்குச் சட்டை. அந்தப் படலத்தின் இடுக்குகள் வழியாகக் குளோரின் உள்ளே நுழைகிறது. இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடு ஆகிறது. அந்தச் சூட்டில் அது ஆவியாகி வெளியே வருகிறது. வெளியே ஆக்சிஜனைப் பார்த்ததும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பொலபொலவென்று துருவாக உதிர்கிறது. குளோரின்? விடுதலையாகி மறுபடி உள்ளே போகிறது. அடுத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு வருகிறது. போன ஆளே திரும்பத் திரும்ப வந்து சுமை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. குளோரின் செலவாவதே இல்லை, இரும்புதான் செலவாகிறது. குழாயின் மேற்பரப்பு 450 டிகிரியைத் தாண்டினால் இந்த வேலை வேகம் பிடிக்கும். அதனால்தான் நீராவியை 400 டிகிரியோடு நிறுத்துகிறார்கள்.

அப்படி நிறுத்தியும் குழாய் தேய்கிறது. பாதுகாப்பு இல்லாத குழாய்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்த ஆலைகள் உண்டு. குழாயின் மொத்தத் தடிமனே நாலைந்து மில்லிமீட்டர் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதைத் தடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. குழாய் மேல் இன்கோனல் 625 என்ற நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகத்தை வெல்டிங் மூலம் ஒரு பூச்சாக ஏற்றுகிறார்கள். அதுவும் தேயும், ஆனால் மெதுவாக. விலை அதிகம். புகையை முதலில் ஒன்றிரண்டு வெற்று அறைகள் வழியாகச் சுற்றவிட்டு, 650 டிகிரிக்குக் கீழே குளிரவைத்துவிட்டுத்தான் சூப்பர்ஹீட்டர் பக்கம் அனுப்புகிறார்கள். கந்தகம் உள்ள கழிவைக் கூடவே எரித்தால், குளோரைடு வழியிலேயே சல்பேட்டாக மாறிக் குழாய் தப்பிக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரின் ஆலையில் 2007ல் இது போன்ற பல ஏற்பாடுகளைச் செய்து, நீராவியை 440 டிகிரிக்கும் 130 மடங்கு அழுத்தத்துக்கும் கொண்டுபோனார்கள். எரிகிற வெப்பத்தில் சுமார் 30 சதவீதத்தை மின்சாரமாக்கினார்கள். பெரிய சாதனை. அதே நகராட்சி ஆலையில் 2019ல் பராமரிப்பு, பாதுகாப்புக் குறைகளுக்காக ஆறு உலைகளில் நாலை நிறுத்த வேண்டிவந்தது. அதற்குக் குழாய் அரிப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. பணமும் திறமையும் இருக்கிற ஊரிலும் இது ஓயாத பராமரிப்பு கேட்கிற வேலை என்றுதான் சொல்கிறேன்.

இப்போது மின்சாரக் கணக்கு. ஒரு ஆலை நாளைக்கு ஆயிரம் டன் எரிக்கிறது, ஒரு கிலோ குப்பையில் 1500 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 860 கிலோ கலோரி ஒரு யூனிட்டுக்குச் சமம். அப்படியானால் ஒரு நாளைக்கு வெப்பமாகவே கிடைப்பது சுமார் 17 லட்சத்து 44 ஆயிரம் யூனிட். நிலக்கரி நிலையம் மாதிரி அதில் 38 சதவீதத்தை மின்சாரமாக்க முடிந்தால் 6 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் வரும். குப்பை ஆலைகளில் 20 சதவீதம் என்று வைத்தால் 3 லட்சத்து 50 ஆயிரம்தான். இதற்கு முழுக் காரணமும் உப்பு அல்ல. ஈரம், ஆலையின் அளவு, புகையைச் சுத்தம் செய்யும் செலவு எல்லாம் உண்டு. ஆனால் நீராவியைச் சூடேற்ற முடியாமல் கையைக் கட்டிப்போடுவது குளோரின்தான். அதிலும் நம் குப்பை ஈரக் குப்பை. 1500 கிலோ கலோரி வருமா என்பதே சந்தேகம். தில்லி திமார்ப்பூரில் 1987ல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளைக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். வந்த குப்பையில் எரிவதற்கான சூடே போதவில்லை. சில வாரங்களிலேயே மூடிவிட்டார்கள்.

தம்பி மகனுக்குச் சொல்கிறேன். கோபன்ஹேகன் படம் அழகுதான் கண்ணு. ஆனால் அங்கே வருடத்தில் பாதிக்கு மேல் குளிர். ஆலையிலிருந்து வரும் வெந்நீரைக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்பி அறைகளைச் சூடாக்குகிறார்கள். வெந்நீருக்கு 100 டிகிரி சுற்றுவட்டாரம் போதும், 540 டிகிரி நீராவி தேவையில்லை. அதனால் அவர்களுக்குப் பெரும்பாலான வெப்பம் வீணாவதில்லை. சென்னையில் யார் வீட்டுக்கு வெந்நீர் அனுப்புவது? மே மாதத்தில்? நமக்கு மின்சாரம் ஒன்றுதான் வழி, அதிலேதான் உப்பு குறுக்கே நிற்கிறது.

"சிங்கப்பூர் மட்டும் எப்படிச் செய்கிறது டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே உலு பாண்டானில் 1979லேயே முதல் ஆலை வந்துவிட்டது. அங்கும் எல்லா வீட்டிலும் நன்றாகப் பிரித்துப் போடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் மின்சாரத்துக்காக எரிக்கவில்லை. கொட்ட இடம் இல்லாத தீவு. எரித்தால் குப்பையின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகிறது. மிச்சச் சாம்பலை செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள், அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கு. குப்பையை உள்ளே கொண்டுவர டன்னுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். மின்சாரம் உபரி வருமானம். குழாய் தேயும் என்று முன்கூட்டியே தெரிந்து, நாள் குறித்து ஆலையை நிறுத்தி, குழாய் மாற்றுகிறார்கள். அதற்கான செலவைக் கணக்கில் மறைப்பதில்லை.

அந்த மாற்றுகிற வேலையைத்தான் நம் பையன் பார்க்கிறான். உலை ஆறியதும் ஆள்நுழை துவாரம் வழியாக உள்ளே போக வேண்டும். சாரம் கட்டி, குழாய் மேல் ஒட்டிய கெட்டிச் சாம்பலைத் தட்டி எடுத்து, ஒலி அலைக் கருவியால் ஒவ்வொரு குழாயின் தடிமனையும் அளக்க வேண்டும். மெலிந்ததை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். "வெளியில பார்த்தா குழாய் தடிமனாத் தெரியும் டீச்சர், தட்டினா அப்பளம் மாதிரி படலம் படலமா உதிரும், உள்ளே இரும்பு இருக்காது" என்றான். அந்தச் சாம்பலில் ஈயமும் காட்மியமும் இருக்கும். முகக்கவசம், காற்றுக்குழாய், உடை எல்லாம் கொடுக்கிறார்கள் என்றான். கேட்டதும் எனக்கு நிம்மதி. அடுத்த நிமிடமே ஒரு கவலை. நம் ஊரில் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளியாகச் செய்யப்போவதும் என்னிடம் படித்த பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த உடையைக் கொடுப்பார்களா?

இப்போது அண்ணன் மகளின் கவலைக்கு வருகிறேன். அவள் பயப்படுவது டையாக்சினுக்கு. அது குளோரின் இருக்கிற குப்பை சரியாக எரியாதபோதும், புகை மெல்ல ஆறும்போதும் உருவாகும் நஞ்சு. அதனால்தான் ஐரோப்பாவில் புகையை 850 டிகிரிக்குக் குறையாமல் இரண்டு விநாடியாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி. ஆலை சீராக ஓடும்போது இதைக் காப்பாற்றிவிடலாம். திடீரென்று ஒரு சூப்பர்ஹீட்டர் குழாய் வெடித்தால்? ஆலையை நிறுத்தியாக வேண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். நிறுத்தும்போதும் ஏற்றும்போதும் உலை சரியான சூட்டில் இருக்காது, அந்த மணி நேரங்களில்தான் டையாக்சின் அதிகம் வெளியேறுகிறது. ஆக, குழாய் அடிக்கடி ஓட்டையாகும் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், சீராக ஓடும் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களைவிட மோசமான காற்றைச் சுவாசிக்கிறார்கள். இரும்பை அரிப்பதும் நஞ்சாக மாறுவதும் ஒரே குளோரின்தான்.

அதனால் என் கருத்து இதுதான். ஈரக் குப்பையையும் பி.வி.சி.யையும் தனியே பிரிக்க ஏற்பாடு செய்யாமல் எந்த ஊரிலும் எரிஉலை கட்டக்கூடாது. கொடுங்கையூரிலும் கூடாது. சென்னையில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் பெரும் பகுதி சோறும் காயும் இலையும். அது உரமாக வேண்டும், சாண எரிவாயு மாதிரி வாயுவாக வேண்டும். தண்ணீரையும் உப்பையும் எரிக்க ஒரு உலை எதற்கு? மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிப்பதை இரண்டு ஆண்டுகளில் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்தது. விதி இருக்கிறது, தெருவில் ஒரே வண்டியில் எல்லாம் சேர்ந்து போகிறது.

பிரித்த பிறகும் எதற்கும் உதவாத கொஞ்சம் மிஞ்சும். அதை எரிப்பதா புதைப்பதா என்று அப்போது பேசலாம். அந்த நாள் வந்தால் நான் எரிப்பதற்கு எதிராகக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஒன்று, நீராவியின் சூடு எத்தனை டிகிரி, அந்தக் குழாய்க்கு என்ன பாதுகாப்பு?

இரண்டு, வரும் குப்பையில் குளோரின் எவ்வளவு என்று யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பார்கள்?

மூன்று, குழாய் மாற்றும் செலவும் ஆலை நிற்கும் நாட்களின் நட்டமும் யார் தலையில்? மாநகராட்சி தினமும் இத்தனை டன் குப்பை கொடுத்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால், நாளைக்கு நாம் குப்பையைக் குறைத்தாலே அபராதம் கட்ட வேண்டிவரும்.

நான்கு, புகை அளவை மட்டுமல்ல, திட்டமிடாமல் ஆலை நின்ற ஒவ்வொரு தடவையையும் அதன் காரணத்தையும் மக்கள் பார்வைக்கு வைப்பார்களா?

நம் பிள்ளைகளில் சிலர் நகராட்சிகளில் பொறியாளர்களாகவும் சுகாதார ஆய்வாளர்களாகவும் இருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளை உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். பாய்லர் வேலையில் இருக்கும் பிள்ளைகள், நான் எழுதியதில் திருத்தம் இருந்தால் கீழே எழுதுங்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். மற்றவர்கள் நாளை காலை குப்பை வண்டி வரும்போது சோற்றுக் குப்பையை ஒரு வாளியில் தனியாகக் கொடுங்கள். பழைய ஒயர், பைப், பேனர் துணியைச் சேர்த்து வைத்துப் பழைய சாமான் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த விசேஷத்துக்குப் பிளக்ஸ் வேண்டாம், துணியில் எழுதச் சொல்லுங்கள்.

தம்பி மகனும் அண்ணன் மகளும் இதைப் படித்துவிட்டு ஒருவருக்கொருவர் போன் பண்ணுங்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம் வரும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் அறிவியல் டீச்சர்